கறையான் எடுத்த புற்று: இரைப்பைப் புற்றுநோயும் உடலின் காவற்படையும்

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல என்பது நம்மவரிடையே நெடுங்காலமாய் வழங்கும் பழமொழி. ஒருவர் அரிதின் முயன்று அமைத்த மனையிற் பிறனொருவன் புகுந்து வாழ்வதை அது சுட்டும். உடலினுள்ளே தோன்றிக் கிளைத்துப் பெருகும் கொடிய கட்டிக்கு நம் முன்னோர் புற்று என்றே பெயரிட்டனர். கிரேக்கர் நாற்புறமும் கால் பரப்பும் தோற்றங் கண்டு அதனை நண்டு என்றனர். நம் முன்னோரும் கட்டியின் புறத்தோற்றத்தையே கருதியிருத்தல் கூடும். ஆயினும் அவர் இட்ட பெயர் இற்றை நாள் ஆராய்ச்சி முடிபுக்கு மிக அணித்தாய் நிற்கின்றது. புற்றுக் கட்டி என்பது புற்றுக் கலங்களால் மட்டும் ஆயதன்று. அதன் கணிசமான பகுதியைக் கட்டிக் கொடுப்பன நம் உடலின் சொந்தக் கலங்களே என்பது அம்முடிபு. உழைப்பது கறையான்; குடியிருப்பது பாம்பு. இவ்வுண்மையை இரைப்பைப் புற்றுநோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியன் ஒருவன் வைத்தியப் பொருளைப் பற்றி எழுதப் புகுவானேன் என்று சிலர் வினவலாம். நம் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். இப்பொருளின் நுணுக்கங்களை அவர் நன்கறிவர். ஆயினும் நோயுற்று வைத்தியர் முன்னிலையில் அமரும் ஒவ்வொருவரும், தமக்குச் சொல்லப்படுவதைத் தம் தாய்மொழியில் விளங்கிக்கொள்ளும் உரிமை உடையவராவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தும், வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கியும் வழி காட்டினார். அவ்வழியிற் சிறிது தூரம் நடந்து பார்ப்போம்.

1. நோயின் பரப்பு

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 968,000 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் காணப்பட்டதென்றும், 660,000 பேர் அதனால் மாண்டனரென்றும் கணக்கிட்டுள்ளனர். யப்பான், கொரியா, சீனா ஆகிய கிழக்காசிய நாடுகளே இந்நோய்க்குப் பெரிதும் இலக்காயின. இந்தியாவில் இது பொதுவாகக் குறைவு. எனினும் இடத்துக்கு இடம் வேறுபாடு மிகுதி. வடகிழக்கிலுள்ள மிசோரம் மாநிலம் இந்நோயின் மிகுதியால் முதலிடம் பெறுகின்றது. புகையூட்டிய இறைச்சியும், உப்பும், புகையிலையின் புகையை நீரிற் செலுத்தி உண்டாக்கும் 'துய்பூர்' என்னும் பானமும் அதற்குரிய காரணங்களுட் சிலவென ஆராய்ந்தோர் கூறுவர்.

தமிழகத்தைப் பொறுத்தவரை, 1954இல் வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் நிலையமே நமக்குத் தெளிவான கணக்கைத் தருகின்றது. 1980களின் தொடக்கந் தொட்டு அந்நிலையம் பேணிவரும் சென்னை நகரப் பதிவேட்டில், ஆண்களுக்கு உண்டாகும் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றே பல ஆண்டுகள் முதலிடம் வகித்தது.

இலங்கையிலோ நிலைமை வேறு. இங்கு ஆண்களிடையே முன்னிற்பது வாய்ப்புற்று. வெற்றிலையும் புகையிலையும் அதற்குப் பெரும் பொறுப்புடையன. இரைப்பைப் புற்று நம் நாட்டிற் குறைவே. குறைவான நோயைப் பற்றி எழுதுவதேன் எனின், இரண்டு காரணங்கள் உள. இந்நோய் குறைவாயினும் பெரும்பாலும் முற்றிய பின்னரே கண்டறியப்படுகின்றது என்பது ஒன்று. ஓரிடத்தில் மிகுந்தும் வேறோரிடத்திற் குறைந்தும் நிற்கும் அப்புதிரே, நோய் நிலத்தோடு தொடர்புடையதென்பதை நமக்கு உணர்த்துகின்றது என்பது மற்றொன்று.

2. இரைப்பையும் ஒரு நுண்ணுயிரும்

இரைப்பை, உணவைச் செரிக்கச் செய்தற்பொருட்டு வலிய அமிலத்தைச் சுரக்கும் பை. அவ்வமிலத்தில் எவ்வுயிரும் நெடிது வாழாதென்றே அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். அவுஸ்திரேலியாவிலுள்ள பேர்த் நகரில் ரொபின் வரன் என்னும் நோயியலாளர், அழற்சியுற்ற இரைப்பைத் திசுக்களில் வளைந்த வடிவுடைய பற்றீரியாக்களைத் தொடர்ந்து கண்டார். பரி மார்ஷல் என்னும் இளம் வைத்தியர் அவருடன் சேர்ந்து அவற்றை வளர்க்க முயன்றார். முயற்சி பலமுறை தவறியது. 1982இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறையின்போது வளர்ப்புத் தட்டு வழக்கத்தினும் அதிக நாள் விடப்பட்டமையால், மெதுவாய் வளரும் அந்நுண்ணுயிர் வெளிப்பட்டது. அதற்கே பிற்காலத்தில் ஹெலிக்கோபற்றர் பைலோரி என்னும் பெயர் இடப்பட்டது. ஐயுற்றோரைத் தெளிவிக்கும்பொருட்டு 1984இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே பருகித் தம் இரைப்பையில் அழற்சி உண்டானதைக் காட்டினார். 2005இல் இவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கிருமி யூரியாவிலிருந்து அமோனியாவை உண்டாக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு, சளிப்படலத்தின் அடியிற் பதுங்குகின்றது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் உட்புகும் இது, மருந்தால் அகற்றப்படாவிடின் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். உடல் அதனை எதிர்த்து வெண்குழியங்களை அனுப்புகின்றது. வெல்லவும் இயலாது, விடவும் இயலாது பல்லாண்டு நீளும் ஒரு போர் மூளுகின்றது. அப்போரில் இரைப்பையின் உட்சுவர் தேய்கின்றது. தேய்ந்த இடத்திற் குடலின் சுவரை ஒத்த திசு தோன்றுகின்றது. அதிலிருந்து முறைதிறம்பிய கலங்களும், இறுதியிற் புற்றும் எழுகின்றன. இப்படிமுறையைக் கொலம்பிய நாட்டு நோயியலாளர் பெலாயோ கொறேயா வகுத்துக் காட்டினார். 1994இல் உலகச் சுகாதாரத் தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதலாம் வகுப்பிற் சேர்த்தது.

எனவே, புற்று எழுவதற்கு முன்னரே நிலம் பண்படுத்தப்பட்டுவிடுகின்றது. பண்படுத்துவது கிருமி மட்டுமன்று. அதனோடு பொருதும் நம் காவற்படையும் அதற்கு உடந்தையாகின்றது.

3. ஆசியப் புதிர்

கிருமியுடையார் அனைவரும் புற்றுநோய் உறுவரோ எனின், இல்லை. நூற்றுவரில் ஏறக்குறைய ஒருவர் முதல் மூவர்க்கே இது நேருமென்பது பொதுவான கணிப்பு. இந்தியாவிற் கிருமி பெருவழக்காயிருந்தும் புற்றுநோய் குறைவாயிருத்தலை ஆராய்ச்சியாளர் ஆசியப் புதிர் என்று குறித்தனர். கிருமியின் இனவேறுபாடு, உணவு, உப்பு, பழக்கவழக்கம் ஆகியன இதற்கு விடையாகக் கூறப்பட்டன. அவற்றோடு காவற்படையின் இயல்பும் ஒரு விடையாகும்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இங்கே கருதத்தக்கன. ஒன்றில், இக்கிருமியின் இனத்தைச் சேர்ந்த பற்றீரியாவை எலிகளின் உடலிற் செலுத்தினர். அவற்றுட் சிலவற்றுக்குக் குடற்புழுவையும் கொடுத்தனர். புழுவுடைய எலிகளின் இரைப்பை குறைவாகவே தேய்வுற்றது. புழுவின் வருகையால் அழற்சியின் போக்கே மாறிற்று. மற்றையதில், அழற்சியை மிகுவிக்கும் ஒரு புரதத்துக்குரிய பரம்பரையலகின் வேறுபாடு, மனிதர்க்கு இரைப்பைப் புற்று உண்டாகும் வாய்ப்பை உயர்த்துகின்றதெனக் கண்டனர். வித்து ஒன்றாயினும் நிலம் வேறாயின் விளைவும் வேறாகும் என்பதற்கு இவை சான்று. இலண்டன் அறுவை வைத்தியர் ஸ்டீபன் பஜற், புற்று உடலில் ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குப் பரவுவதை ஆராய்ந்து, வித்தும் நிலமும் என்ற இவ்வுவமையை 1889ஆம் ஆண்டிலேயே கூறிச் சென்றார்.

4. காவலர் கள்வர்க்குத் துணையாதல்

உடலைக் காக்கும் ஆற்றலை நம் பாடநூல்கள் நிர்ப்பீடனம் என்று வழங்கும். அப்படையில் உறுப்பினர் பலர். அந்நியப் பொருளை விழுங்கும் பெருவிழுங்கிகள் உள. பகைவனின் அடையாளத்தைக் கைப்பற்றி ஏனையோர்க்குக் காட்டும் ஒற்றர் போன்ற கலங்கள் உள. அவ்வடையாளங் கண்டு, கெட்டுப்போன கலத்தை நேரே சென்று கொல்லும் ரீ-நிணநீர்க்குழியங்கள் உள. போர் எல்லை மீறாதவாறு அடக்கும் வேறொரு வகை ரீ-குழியங்களும் உள. அடக்குவோர் இல்லையேல் படை தன் நாட்டையே அழித்துவிடும். மூட்டுவாதம் முதலிய பல நோய்கள் அவ்வாறு உண்டாவனவே.

1863இல் ஜேர்மானிய அறிஞர் ருடோல்ப் விர்கோ புற்றுக் கட்டிகளின் உள்ளே வெண்குழியங்களைக் கண்டு, நெடிய அழற்சிக்கும் புற்றுக்கும் உறவுண்டு என்று கருதினார். படைவீரர் கோட்டைக்குள்ளேயே இருந்தும் பகைவன் வாழ்வது எங்ஙனம் என்பதே அதன்பின் எழுந்த பெருவினா.

அதற்கு இன்று கிடைத்துள்ள விடை பின்வருமாறு. புற்றுக் கலங்கள் பலவகை இரசாயனச் செய்திகளை வெளியிட்டு, அடக்குங் குழியங்களைத் தம்பால் அழைத்துக்கொள்ளும். அழிக்க வந்த பெருவிழுங்கிகளைப் புண் ஆற்றும் பணிக்குத் திருப்பிவிடும். அவை புதிய குருதிக் குழாய்களை வளர்த்துப் புற்றுக்கு உணவூட்டும். நார்க்கலங்கள் கட்டியைச் சுற்றித் தடித்த நாரினாலே மதில் எழுப்பும். கொல்லுங் குழியங்கள் அம்மதிலுக்கு வெளியே நின்றுவிடும். உள்ளே நுழைந்தவையோ, இடையறாத போரினாற் களைத்துச் செயலற்றுப்போகும். திருக்குறட் பொருட்பாலில் உட்பகை என்றொரு தனி அதிகாரம் உண்டு. வெளிப்பகையினும் உறவுபோல் நின்று கெடுக்கும் பகையே அஞ்சத்தக்கது என்னும் அரசியல் உண்மை உடலுக்கும் பொருந்துதல் காண்க.

இவற்றுள் ஒரு சூழ்ச்சியைச் சிறப்பாக எடுத்துரைத்தல் வேண்டும். கொல்லுங் குழியத்தின் மேற்பரப்பில் பீ.டி-1 என்னும் ஒரு புரதம் உண்டு. அதனோடு இணையத்தக்க பீ.டி.எல்-1 என்னும் புரதத்தை மற்றொரு கலம் நீட்டினால், குழியம் தன் தாக்குதலை நிறுத்திவிடும். நற்கலங்களைக் காத்தற்பொருட்டு இயற்கை அமைத்த ஒழுங்கு இது. அரசனின் முத்திரை மோதிரத்தைக் கண்ட காவலன் வழிவிடுவது போன்றது. புற்றுக் கலம் அம்மோதிரத்தைக் களவாடி நீட்டுகின்றது. காவலனும் வாளைத் தாழ்த்துகின்றான்.

5. நால்வகைப் புற்று

இரைப்பைப் புற்று எல்லாம் ஒன்றன்று. 2014இல் வெளிவந்த பேராய்வொன்று 295 கட்டிகளின் பரம்பரையலகுகளை ஆராய்ந்து அவற்றை நால்வகைப்படுத்தியது. அவ்வகைதோறும் காவற்படையின் நிலையும் வேறுபடுகின்றது.

முதல் வகை எப்ஸ்டீன்-பார் என்னும் வைரசோடு தொடர்புடையது. 1964இல் இலண்டனிற் கண்டறியப்பட்ட இவ்வைரசு உலக மக்களுட் பெரும்பாலோரின் உடலில் அமைதியாய் உறைவது. அவ்வாய்விற் கண்ட கட்டிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 9 இவ்வகையின. இவற்றினுள்ளே நிணநீர்க்குழியங்கள் நிறைந்திருக்கும். களவாடிய மோதிரமும் மிகுதியாயிருக்கும்.

இரண்டாம் வகை நூற்றுக்கு 22 ஆகும். கலம் பிரியும்போது அதன் பரம்பரைச் செய்தி படியெடுக்கப்படும். அப்படியில் நேரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு ஒன்று கலத்தினுள் உண்டு. அச்சுத்தாளைப் பிழைதிருத்துவோன் தொழில் போன்றது அது. அத்திருத்துவோன் இல்லாத அச்சுக்கூடம் போல, இவ்வகைக் கட்டிகளிற் பிழைகள் மலிந்துவிடும். வைத்தியர் இதனை எம்.எஸ்.ஐ. என்ற சுருக்கக் குறியாற் கூறுவர். பிழை மலிந்தமையால் விகாரமான புரதங்கள் பல தோன்றும். ஆதலாற் காவற்படை இவற்றை எளிதில் இனங்காணும்.

மூன்றாம் வகை நூற்றுக்கு 20. இதிற் கலங்கள் கட்டியாய்த் திரளாது சுவரெங்கும் சிதறிப் பரவுவது பெரும்பான்மை. நார் மிகுந்து இரைப்பை இறுகிப்போதலும் உண்டு. நான்காம் வகை ஏறக்குறைய பாதியாகும். இதில் நிறமூர்த்தங்கள் உருக்குலைந்து காணப்படும். இவ்விரு வகைகளிலும் கொல்லுங் குழியங்களின் கை பொதுவாக ஓங்கி நிற்பதில்லை.

6. தளை நீக்கும் மருந்து

யப்பானின் கியோத்தோ நகரில் தசுக்கு ஹொன்ஜோவின் ஆய்வுகூடம் 1992இல் பீ.டி-1 புரதத்தைக் கண்டறிந்தது. அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசன் அதனை ஒத்த மற்றொரு தடையை ஆராய்ந்தார். தடையை நீக்கினாற் காவற்படை மீண்டும் எழும் என்று காட்டிய இவ்விருவரும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இம்முறையில் அமைந்த நிவொலுமாப், பெம்பிரோலிசுமாப் ஆகிய மருந்துகள் புற்றைத் தாமே கொல்வன அல்ல. காவலனிடமுள்ள பீ.டி-1 புரதத்தைப் பற்றிக்கொண்டு, களவாடிய மோதிரம் அவன் கண்ணிற் படாதவாறு தடுப்பனவாகும்.

இவற்றின் பயனை மிகைப்படுத்தாமலும் குறைக்காமலும் அறிதல் வேண்டும். யப்பான், கொரியா, தாய்வான் ஆகிய இடங்களில், வேறு மருந்துகள் பயனற்றுப்போன 493 நோயாளரிடையே நிகழ்ந்த சோதனை 2017இல் வெளிவந்தது. நிவொலுமாப் பெற்றோரில் நூற்றுக்கு 26 பேர் ஓராண்டுக்குப் பின்னும் உயிருடனிருந்தனர். வெறுமருந்து பெற்றோரில் 11 பேரே இருந்தனர். எனினும் வாழ்நாளின் நடு அளவு 4.1 மாதத்திலிருந்து 5.3 மாதமாகவே உயர்ந்தது. அஃதாவது, சிலர்க்குப் பெருநன்மை. பலர்க்குச் சிறுநன்மையோ நன்மையின்மையோ ஆகும். 2021இல் வெளிவந்த மற்றொரு பெருஞ்சோதனையில், கட்டியில் பீ.டி.எல்-1 மிகுந்தோர்க்கு வழக்கமான மருந்துகளுடன் இதனையும் தொடக்கத்திலேயே சேர்த்தபோது, அந்நடு அளவு 11.1 மாதத்திலிருந்து 14.4 மாதமாயிற்று. எம்.எஸ்.ஐ. வகையினர்க்குப் பயன் இன்னும் மிகுதி. 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம், எவ்வுறுப்பிலெழுந்த புற்றாயினும் முற்றிய நிலையில் வேறு வழி குன்றியபோது, அக்குறியுடையதாயிற் பெம்பிரோலிசுமாப் வழங்கலாமென்று அனுமதித்தது. புற்று எழுந்த உறுப்பைக் கருதாது அதன் இயல்பையே கருதித் தந்த முதல் அனுமதி அதுவேயாகும்.

தளை நீங்கிய படை சிலவேளை நற்கலங்களையும் தாக்கும். குடல், நுரையீரல், ஈரல், தைரொயிட்டுச் சுரப்பி ஆகியவற்றில் அழற்சி உண்டாகலாம். ஆகலின் இம்மருந்து பெறுவோர் வயிற்றோட்டம், இருமல், மூச்சுத்திணறல் முதலியவற்றைச் சிறிதென்று கருதாது வைத்தியர்க்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

7. நாம் செய்யத்தக்கவை

இவ்வளவு கூறியதன் பயன் யாது? வீட்டில் ஒருவர்க்கு இந்நோய் வந்துற்றால், புதிய ஊசி ஒன்று உண்டாம் என்ற செய்தி உறவினர் வாயிலாய் வந்து சேரும். கொழும்பிலிருந்து சென்னைக்குப் புறப்படுவோரும், தாலிக்கொடியையும் காணியையும் விற்க முனைவோரும் உளர். அன்பினாற் செய்யும் அச்செயலை இகழ்தல் தகாது. ஆயினும் அவர் முதலிற் கேட்கவேண்டிய வினா, ஊசியின் விலை யாது என்பதன்று. இப்புற்று எவ்வகையைச் சேர்ந்தது என்பதாகும். எம்.எஸ்.ஐ., பீ.டி.எல்-1, எப்ஸ்டீன்-பார் வைரசு, ஹேர்-2 ஆகியவற்றைச் சோதித்தீர்களா என்று வைத்தியரைப் பணிவுடன் வினவலாம். ஹேர்-2 என்னும் புரதம் மிகுந்த கட்டிகளுக்கு வேறொரு மருந்து 2010 முதல் பயன் தந்துவருகின்றது. இவற்றுக்குப் பெரும்பாலும் முன்னரே எடுத்த திசுத் துண்டே போதுமாகும். விடை சாதகமாயின் நம்பிக்கையோடு மருத்துவம் செய்யலாம். பாதகமாயின் நோயாளரின் நோவைத் தணித்து அவரை ஆறுதலாய் வைத்திருப்பதற்கு அப்பொருளையும் காலத்தையும் பயன்படுத்தலாம்.

அதனினுஞ் சிறந்தது முன்னறிதல். ஐம்பதைக் கடந்த பழைய மாணவர் பலர் நெஞ்செரிவென்றும் வாயுவென்றும் கூறி, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அண்மையிலுள்ள பார்மசியில் அமிலங் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்காய் வாங்கி விழுங்குவர். அது நோவைத் தணித்து நோயை மறைத்துவிடவுங் கூடும். உடல் காரணமின்றி மெலிதல், சிறிதுண்டதும் வயிறு நிறைதல், விழுங்குதற்கு இடர்ப்படுதல், அடிக்கடி வாந்தியெடுத்தல், மலம் தார்போற் கறுத்தல், குருதிச்சோகை ஆகியவற்றுள் ஒன்று காணினும், குழாய்வழி இரைப்பையின் உள்ளே நோக்கும் எண்டொஸ்கொப்பிப் பரிசோதனைக்குத் தயங்கலாகாது. தொடக்கத்திற் கண்ட புற்றை அறுத்தெடுத்துக் குணமாக்குதல் இயலும். இந்நோய் மலிந்த கொரியாவிலும் யப்பானிலும் அறிகுறி தோன்றுமுன்னரே இரைப்பையைச் சோதிக்கும் திட்டங்கள் நடைபெறுகின்றன. யப்பான் 2013 முதல் அழற்சியுடையார்க்கு இக்கிருமியை அகற்றும் மருத்துவத்தையும் தன் காப்புறுதித் திட்டத்திற் சேர்த்துக்கொண்டது.

கிருமி காணப்பட்டால் வைத்தியர் தரும் மருந்துகளை இடையில் நிறுத்தாது குறித்த நாள்வரை உட்கொள்ளல் வேண்டும். புகைத்தலை விடுதலும், மதுவைத் தவிர்த்தலும், உப்பிட்டுப் பதனிட்ட உணவை அளவோடு கொள்ளலும், மரக்கறியும் பழமும் மிகுதியாய் உண்ணலும் எளிய காப்புகளாம். குளிர்ப்பெட்டி வீடுதோறும் வந்தபின் உப்பிட்டு வைக்கும் வழக்கம் குறைந்ததும், இருபதாம் நூற்றாண்டில் உலகின் பல பாகங்களில் இந்நோய் தணிந்ததற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது.

முடிவாக ஒன்று கூறலாம். புற்றினுட் குடிபுகுந்த பாம்பை அடிப்பதிலேயே வைத்திய உலகம் நெடுங்காலம் கருத்தூன்றியது. கறையான் ஏன் புற்றெடுக்கின்றது, அவ்வுழைப்பை நிறுத்துவது எங்ஙனம், உறங்கும் காவலனை எழுப்புவது எங்ஙனம் என்ற வினாக்கள் இப்போது அதனுடன் சேர்ந்துள்ளன. விழாக் கொண்டாடும் இவ்வேளையில், நம் கல்லூரியில் இன்று கற்கும் மாணவருள் ஒருவரேனும் இவ்வினாக்களுக்கு விடை தேடப் புறப்படுவாராக. தேடிக் கண்டதைத் தம் தாய்க்கும் விளங்குமாறு தமிழிற் சொல்ல வல்லவராகவும் அவர் விளங்குவாராக.